கன்னியம்மாவின் படகு வைத்தியம்

எளாவூர்ச் சோதனைச் சாவடியில் நின்று கிளம்பும் லாரிகள் திரும்புவதற்கு அந்தக் காலத்தில் சரியான இடம் கிடையாது. சாலையோரத்தில் யாருடைய வேலி தாழ்வாக இருக்கிறதோ அங்கே பின்னால் வந்து திருப்புவார்கள். 1970 மாசியில் அப்படி ஒரு லாரி என் பெரியப்பா துளசிராமனின் தோட்டத்து வேலியை உடைத்துக்கொண்டு வந்து, உள்ளே இருந்த பெரிய மாமரத்தில் இடித்து நின்றது. முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரம் வரை மரத்தின் பட்டை ஒரே பாளமாகப் பிய்ந்து தொங்கியது. டிரைவர் இறங்கி வந்து லாரியின் பின்விளக்கைத் தடவிப் பார்த்தான். அது உடையவில்லை என்று தெரிந்ததும் போய்விட்டான். மரத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று கன்னியம்மா இன்றைக்கும் சொல்வாள்.

கன்னியம்மா அந்தத் தோட்டத்தின் மூலையில் குடிசை போட்டுக் குடியிருந்தாள். பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். அப்பா படகு பழுது பார்ப்பவர். பலகைகளின் சந்தில் பஞ்சைத் திரித்து உளியால் திணித்து, மேலே குங்கிலியத்தைப் புன்னை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். வீட்டில் ஆண்பிள்ளை பிறக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. அதுவரை பஞ்சு திரித்தது, குங்கிலியம் கிண்டியது, கடைசியில் உளி பிடித்தது எல்லாம் இவள்தான். "எங்கப்பன் என்னைப் பையன்னு நெனச்சிக்கினே வளத்துட்டாரு, தம்பி பொறந்தப்புறம் தான் ஞாபகம் வந்துச்சு" என்பாள்.

அந்த ஏரியில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதைப் பாடு என்பார்கள். கன்னியம்மாவின் கணவன் லோகநாதனின் குடும்பத்துக்குப் பாட்டில் பங்கு கிடையாது. பங்கில்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போகலாம், அல்லது ஊரை விட்டுப் போகலாம். அவர்கள் ஊரை விட்டு வந்தார்கள். லோகநாதன் நெல் மண்டியில் மூட்டை தூக்கினான். இவள் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். தோட்டத்துக்குக் காவலாக இருக்கட்டுமே என்று பெரியப்பா குடிசைக்கு இடம் விட்டார். ஆகவே மரத்தின் கீழ் விழும் மாங்காயைப் பொறுக்கவும், வெளியார் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளவும் அவளுக்கு உரிமை இருந்தது.

லாரி இடித்தபோது நான் ஊரில் இல்லை. குஷ்டரோகக் கணக்கெடுப்புக் குழு ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து ஒரிசா, வங்காளம், அஸ்ஸாம் என்று நான்கு வருஷம் சுற்றிக்கொண்டிருந்தேன். 1972 ஆனியில் திரும்பி வந்தேன். வந்த மூன்றாம் நாளே வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் தோட்டத்துக்கு நடந்து போனேன். நான் போன நேரத்தில் அந்த மரத்துக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊத்துக்கோட்டையிலிருந்து மர வியாபாரி சடையப்பன் வந்திருந்தார். மாமரப் பலகையில் பெட்டி அடித்து விற்பவர். பிய்ந்த பட்டைக்குப் பின்னால் இரண்டு மழைக்காலம் தண்ணீர் இறங்கி, ஒரு கூடை அளவுக்குப் பொந்து விழுந்திருந்தது. சடையப்பன் பொந்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். மரம் பொடிப்பொடியாக, நனைந்த மூக்குப்பொடி மாதிரி வந்தது. கோடாலிக் காம்பால் அடிமரத்தைத் தட்டிக் காட்டினார்.

"கேட்டீங்களா மொதலாளி? உள்ள வெறும் கூடு. ஒரு காத்து அடிச்சா ரோட்டுல படுத்துக்கும். எவன் மண்டையில படுக்கும்னு தான் தெரியல."

பெரியப்பாவுக்கு அந்த இடத்தில் லாரி நிறுத்த ஷெட் போடும் யோசனை ஒரு வருஷமாகவே இருந்தது. "மரம் போனா நாலு லாரி நிக்கும். குடிசையும் நவுந்தா ஆறு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கன்னியம்மா அப்போது கூடையோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். கூடையை இறக்கவில்லை.

"நைனா, படகு ஓட்டையாச்சின்னா ஒடச்சி அடுப்புல வைக்கறதா? அடைக்கறது தானே?"

"இது படகா?"

"படகும் மரம் தானே நைனா."

சடையப்பன் சிரித்தார். "அப்ப தண்ணியில வுட்டுப் பாரு, மெதக்குதான்னு."

"மொதல்ல உன்ன வுட்டுப் பாக்கலாம். உள்ள காலியா கீறவன் நீ தான், நல்லா மெதப்ப."

பெரியப்பா வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் மரத்துக்கு ஏழு மாதம் வாங்கிக்கொடுத்தது. சிரித்து முடித்ததும் கறாராகச் சொன்னார். "தை முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இந்த மரம் விழாதுன்னு எனக்குக் காட்டிடு, நிக்கட்டும். காட்ட முடியலன்னா மரத்தையும் வெட்டிடுவேன், நீயும் ஊட்டப் பிரிச்சிக்கினு கெளம்பணும். அப்புறம் நைனா நைனான்னு வந்து நிக்கக்கூடாது."

"நிக்க மாட்டேன்" என்றாள் கன்னியம்மா. அதற்குப் பிறகுதான் கூடையை இறக்கினாள். கிளம்பினால் போவதற்கு அவர்களுக்கு இடம் கிடையாது. குப்பத்துக்குத் திரும்பினால் லோகநாதன் மறுபடியும் அடுத்தவன் படகில் ஏற வேண்டும்.

ஆடி மாதம் வேலையை ஆரம்பித்தாள். கருவாட்டு வியாபாரத்தைக் காலையோடு முடித்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் மரத்தடியில் இருப்பாள். அப்பாவின் உளிகள் மூன்று அவளிடம் இருந்தன. மக்கியதை எல்லாம் சுரண்டி எடுத்தாள். பழுப்புப் பொடி போய், பிசுபிசுத்த கறுப்பு போய், கடைசியில் வெளிர் மஞ்சளாக உயிருள்ள கட்டை தெரிந்த இடத்தில் நிறுத்தினாள். பிய்ந்த பட்டையின் விளிம்பு கந்தல் கந்தலாகக் கிடந்தது. அதைச் சீவி ஒழுங்கு செய்தபோது மேலும் கீழும் கூர்மையாக, நடுவில் அகலமாக, நிற்க வைத்த படகு மாதிரி ஒரு வடிவம் வந்தது. ஏன் அப்படி வெட்டினாய் என்று கேட்டேன்.

"வேற எப்படி வெட்டறதுன்னு தெரியல பாப்பா. கை அப்படித்தான் போவுது."

தணல் போட்ட சட்டியைப் பொந்துக்குள் தள்ளி வைத்து இரண்டு நாள் ஈரத்தை உலர்த்தினாள். பிறகு பஞ்சு, தேங்காய் நார், பஞ்சு என்று அடுக்கடுக்காகத் திணித்து மரச்சுத்தியால் இறுக்கினாள். அதற்கு மேல் குங்கிலியம். காய்ச்சும்போது அந்த வாசனை சாலை வரைக்கும் போனது. சாவடியில் காத்திருந்த லாரிக்காரர்கள் எந்தக் கோயிலில் பூஜை என்று கேட்டுக்கொண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஒரு தெலுங்குக்காரர் தன் லாரியின் தண்ணீர் டாங்க் ஒழுகுகிறது, அதற்கும் கொஞ்சம் பூசிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பூசிக் கொடுத்தாள். அது ஒழுகவில்லை என்று அடுத்த மாதம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் வேலை முடிந்தது. பார்க்க அருமையாக இருந்தது. பொந்து இருந்த சுவடே இல்லை. அடிமரத்தில் தேன் நிறத்தில் வழவழவென்று ஒரு படகு ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. விரல் நகத்தால் கீறினாலும் கோடு விழவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று நானும் நம்பினேன். லோகநாதன் மண்டியிலிருந்து வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "துடுப்பு எங்க?" என்று கேட்டான்.

"உன் முதுவுல கீது, போய் கை கால் கழுவிக்கினு வா."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் நன்றாகவே பெய்தது. ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது வாரம் படகு வடிவத்தின் கீழ்முனையில் கறுப்பாக ஒரு கசிவு தெரிந்தது. மூன்றாவது வாரம் புளித்த கள் நாற்றம் அடித்தது. ஈ மொய்த்தது. லாரி இடித்த பக்கத்தில் இருந்த இலைகள் மஞ்சளாகி, மழை நாளிலேயே உதிர ஆரம்பித்தன. எதையும் செய்யாமல் விட்ட இரண்டு வருஷத்தில்கூட மரம் இப்படி இலை உதிர்த்ததில்லை.

சடையப்பன் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா கன்னிமா, படகு கெளம்பிடிச்சா?" என்று கேட்டாராம். கன்னியம்மா பதில் சொல்லவில்லை என்பதுதான் அன்றைக்கு எளாவூர் முழுவதும் பேச்சு.

இரண்டு நாள் அவள் கூடை எடுக்கவில்லை. நான் போனபோது தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மரத்தடியில் குந்தியிருந்தாள். உளியின் பிடியால் அடிமரத்தைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு விரற்கடையாகத் தட்டிக்கொண்டு வந்தாள். மேலே தட்டினால் கணீரென்று இருந்தது. பூச்சுக்குப் பின்னால் தட்டினால் ஈரத் துணியில் அடித்த மாதிரி ஓசையே இல்லை.

"இந்த சத்தம் எனக்குத் தெரியும் பாப்பா. தண்ணி ரொம்பின படகு இப்படித்தான் சொல்லும்."

"அவ்வளவு பூசியும் மழைத் தண்ணி உள்ளே போய்விட்டதா அக்கா?"

"மழைத் தண்ணி போவல. பூச்சு நல்லாத்தான் கீது, ஒரு வெடிப்பு இல்ல." பூச்சின் மேல் இன்னொரு முறை தட்டினாள். "படகுன்னா தண்ணி வெளியில கீது. உள்ள வுடாம அடைக்கறோம். மரத்துக்குத் தண்ணி உள்ள தானே ஓடுது. வேருல இருந்து ஏறுது. காயத்துல கசியறது வெளியில போவ வழி இல்லாம நான் அடைச்சிட்டேன். உள்ளயே ஊறவெச்சிட்டேன். வேற எவனாச்சும் இத்த பாத்திருந்தா சும்மா வுட்டிருப்பான். படகுக்காரன் பொண்ணு பாத்தா, அதான் மரம் சாவக் கெடக்குது."

இனி என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அவள் கண் அதற்குள் கசிவுக்குக் கீழே, வேர் பிரியும் இடத்துக்குப் போயிருந்தது. அங்கே ஓட்டை போட வேண்டும். சின்ன உளியை வைத்து, சுத்தியை ஓங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுடைய குப்பத்தில் யாருக்காவது யாரையாவது ஆகவில்லை என்றால் அவன் படகின் அடியில் ஓட்டை போடுவார்கள். அதைவிடப் பெரிய துரோகம் அங்கே கிடையாது. அடைப்பதற்கு மட்டுமே பழகிய கை அது. மூன்று முறை ஓங்கி, மூன்று முறை இறக்கினாள்.

"நான் அடிக்கட்டுமா?" என்றேன்.

"உன் கையில குடுத்தா கால வெட்டிக்குவ" என்று சொல்லி அடித்துவிட்டாள்.

நான்காவது அடியில் உளி உள்ளே நழுவியது. அதை உருவியதும் கறுப்புத் தண்ணீர் பீச்சி அடித்து அவள் புடவையை நனைத்தது. அரை வாளிக்குக் குறையாது. நாற்றம் தாங்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கன்னியம்மா திருப்பவில்லை. தண்ணீர் வடிந்து சொட்டாக ஆகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் இரண்டு வாரத்துக்குப் பிறகு தெளிந்தது. "போ, போ" என்று தண்ணீரிடம் சொன்னாள்.

ஆறு நாள் செய்ததை இரண்டே நாளில் பிரித்துப் போட்டாள். அந்தப் பூச்சை உடைக்கும்போது அவளுக்கு வலித்திருக்க வேண்டும், அவ்வளவு நேர்த்தி அதில். காட்டிக்கொள்ளவில்லை. ஊறிய பஞ்சும் நாரும் கூடை கூடையாக வந்தன. புதிதாக மக்கியதை மறுபடியும் சுரண்டினாள். இந்த முறை பொந்தின் அடித்தளத்தை வெளிப்பக்கம் சரிவாகச் செதுக்கினாள், தேங்குவதற்கு இடமே இல்லாதபடி. ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி, அது முழுவதும் வெளியே ஓடி வருகிறதா என்று பார்த்தாள். ஒரு சொட்டு நின்றாலும் அந்த இடத்தை மறுபடி செதுக்கினாள். பொந்தைத் திறந்தே விட்டாள். காற்றும் வெயிலும் தாராளமாக உள்ளே போய் வந்தன. பட்டையின் ஓரத்தில் எதையும் தடவவில்லை.

மழை விட்ட பிறகு இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. பொந்துக்கு ஒரு முழம் மேலே, பட்டையில் சின்னச் சின்னத் துளைகள். அவற்றின் கீழே மரத்தூள் வழிந்து வேரில் குவிந்திருந்தது. உள்ளே தண்டைக் குடையும் புழு இருக்கிறது என்று அர்த்தம். துளை வளைந்து போகிறது, உளி எட்டாது. வெட்டினால் நல்ல கட்டை போய்விடும். கன்னியம்மா ஒரு சைக்கிள் ஆரக்கம்பியின் நுனியில் தூண்டில் முள்ளைக் கட்டினாள். கம்பியைத் துளைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெல்லத் திருப்பித் திருப்பி இழுத்தாள். கட்டைவிரல் பருமனில், பால் நிறத்தில் ஒரு புழு முள்ளில் மாட்டிக்கொண்டு நெளிந்து வந்தது.

அன்றைக்கு அவளைப் பார்த்திருக்க வேண்டும். சாவடியில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் வேலியோரம் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு புழுவாக இழுத்துக் கோழிகளிடம் எறிந்தாள். கூட்டம் எண்ணியது. பதினான்கு. கோழிகளை மறுபக்கம் ஓட்டிக்கொண்டிருந்த லோகநாதன், "போதும், கோழிங்களுக்கு வயிறு வெடிச்சிடும்" என்றான்.

"நீ சும்மா இருய்யா. உங்க வம்சத்துக்கே பாடு இல்ல, இன்னிக்கித்தான் எனக்கு பாடு வந்துகீது."

காலியான துளைகளில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சை வைத்து, களிமண்ணால் மூடினாள். இவற்றை மட்டும்தான் அடைத்தாள். மூடுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்து, "இது அடைக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அடைக்கலாம் என்றேன். அவள் கேட்டது என்னை அல்ல என்று நினைக்கிறேன்.

கடைசியாக, சாலைப் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளையை லோகநாதனை ஏற்றி வெட்டச் சொன்னாள். காயம் இருந்த பக்கம்தான் அந்தக் கிளையின் பாரமும் இருந்தது. ஒரே பக்கம் ஆட்கள் உட்கார்ந்தால் படகு சாயும் இல்லையா, அந்தக் கணக்கு. படகில் கற்றதில் இது மட்டும் மரத்துக்கும் அப்படியே பொருந்தியது. மார்கழி பிறந்தபோது வெட்டிய பட்டையின் ஓரம் உதடு மாதிரி தடித்து உள்பக்கமாக உருள ஆரம்பித்திருந்தது. மேலும் கீழும் கூர்மையாக இருந்த முனைகளில்தான் அது மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் மூடியது. கை பழக்கத்தில் வந்த வடிவம் நல்லதாகவே அமைந்துவிட்டது.

ஆனால் பெரியப்பாவுக்கு உதடு எல்லாம் தெரியாது. தை முடிந்த மறுநாள் வந்து நின்று பார்த்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஆடியில் மூடியிருந்த பொந்து இப்போது திறந்து கிடக்கிறது. கூட வந்த சடையப்பன் அதற்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்து, "உள்ள குடித்தனமே பண்ணலாம் மொதலாளி" என்றார். மரம் அப்போது பூத்திருந்தது. அதை யாரும் பேசவில்லை.

"விழாதுன்னு காட்டறதா சொன்ன. காட்டு" என்றார் பெரியப்பா.

கன்னியம்மா இதற்கு ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "இழுத்துப் பாருங்க நைனா. என் தம்பிய வரச்சொல்றேன். அவங்களுக்குப் பாடு இல்லாத நாளா பாத்து ஆளுங்க வருவாங்க. வலை இழுக்கற கயித்த மேல கட்டி, ரோட்டுப் பக்கமா இழுக்கட்டும். காத்து எவ்ளோ இழுக்கும்? அத்த வுட ஜாஸ்தியா இழுக்கட்டும். மரம் அடி அசைஞ்சா நீங்க வெட்டிக்கங்க."

"அடி அசையுதான்னு எப்படிப் பாக்கறது? கிளை ஆடறது தான் தெரியும்."

"பொந்துக்குள்ள செம்பு வைங்க. தளும்பத் தளும்ப தண்ணி ஊத்தி வைங்க. சிந்தினா வெட்டுங்க."

ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். தம்பி ராஜவேலுவும் ஏழு பேரும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கயிற்றுச் சுருளைப் பார்த்துக் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டுவிட்டான் என்று திட்டிக்கொண்டே வந்தார்கள். ஊரே தோட்டத்தில் இருந்தது. சடையப்பன் தன் மரம்வெட்டிகள் நான்கு பேரோடு வந்திருந்தார். பட்டை உரிந்துபோகாதபடி மரத்தில் சாக்கைச் சுற்றி, ஓர் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மேலே கயிற்றைக் கட்டினார்கள். பெரியப்பா தன் கையாலேயே பித்தளைச் செம்பைப் பொந்தின் சரிவில் ஒரு கல் கொடுத்து நிமிர்த்தி வைத்து, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினார்.

எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மரத்தின் உச்சி கொஞ்சம் ஆடியது, பூ உதிர்ந்தது. செம்பு அப்படியே இருந்தது.

சடையப்பன் சிரித்தார். "மொதலாளி, இது இன்னா நாடகம்? அக்கா மரத்த தம்பி இழுக்கறான். நம்ம ஊட்டுக் கொடித்துணி எடுக்கற மாதிரி இழுக்கறானுங்க. என் ஆளு ரெண்டு பேரு போதும் இதுக்கு. மீன் துன்ற கை தானே, எவ்ளோ வரும்?"

பெரியப்பாவுக்கும் அது சரியென்று பட்டது. "உன் ஆளுங்களும் புடிக்கட்டும்" என்றார்.

கன்னியம்மாவுக்கு அதில்கூடப் பயமில்லை. அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். ராஜவேலு தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக்கொண்டிருந்தான். மூன்று தலைமுறையாக வலை இழுக்கிற குப்பத்தைப் பார்த்துக் கையில் பலமில்லை என்று யாரும் சொன்னது கிடையாது.

"தம்பி, அவரு வாய்க்கு வந்தத சொல்றாரு. நீ ஒழுங்கா இழு, போதும்."

"நீ சும்மா இருக்கா. ஒழுங்காத்தான் இழுக்கப் போறேன்."

"டேய், அது என் ஊடுடா."

அவன் காதில் விழவில்லை. பன்னிரண்டு பேரும் கயிற்றில் நின்றார்கள். மரம்வெட்டிகள் பின்னால், குப்பத்து ஆட்கள் முன்னால். ராஜவேலு குரல் கொடுத்தான். கரையில் வலை இழுக்கும்போது பாடும் அந்த இழுவைக் குரலுக்கு மற்றவர்கள் பதில் கொடுத்து ஒரே மூச்சில் சாய்ந்தார்கள். முதல் இழுப்பில் கயிறு முறுகி விறைத்தது. இரண்டாவதில் குதிகால்கள் மண்ணில் புதைந்தன. மரம்வெட்டிகளுக்கு முதலில் அந்தத் தாளம் பிடிபடவில்லை. அவர்கள் இழுக்கும்போது இவர்கள் விட்டுக்கொடுத்து, இவர்கள் இழுக்கும்போது அவர்கள் தள்ளாடி, மூன்றாவது இழுப்பிலிருந்து எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். மரம் முனகியது. நான் கேட்டேன். பூ மழையாகக் கொட்டியது. லோகநாதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குடிசைப் பக்கம் திரும்பி நின்றான். கன்னியம்மா மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து, முகத்தைப் பொந்துக்கு நேராக வைத்து, செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் சாய்ந்தால் முதலில் அவள் மேல்தான்.

ஏழாவதோ எட்டாவதோ இழுப்பில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கூட்டம் சிதறி ஓடியது. பன்னிரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராகச் சாலைப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார்கள். அவர்களுக்கு மேலே, மரத்திலிருந்து அறுந்த கயிற்றின் பாதி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் பேசுவதற்கு முன் பெரியப்பா குனிந்து பொந்துக்குள் பார்த்தார். நானும் பார்த்தேன். செம்பில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அதன் மேல் மாம்பூக்கள் நான்கைந்து மிதந்தன. கீழே கல் உலர்ந்திருந்தது. பெரியப்பா செம்பை எடுத்துப் பூக்களை ஊதித் தள்ளிவிட்டு, ஒரே மடக்கில் குடித்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஷெட்ட கெணத்துப் பக்கம் போட்டுக்கலாம்" என்றார். "சடையப்பா, கோடாலிய எடுத்துக்கினு போ. கன்னியம்மா, குடிசைக்குப் போன வருஷமே ஓலை மாத்தியிருக்கணும், இப்படி ஒழுவ வுட்டு வெச்சிகீறியே."

கன்னியம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப் போய்விட்டது என்று சொல்லிச் சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. பள்ளத்திலிருந்து ஏறி வந்த ராஜவேலுவின் முழங்கையில் ரத்தம். "கயிறு பழசுக்கா, புதுக் கயிறா இருந்தா மரத்த சாய்ச்சிருப்பேன்" என்று வருத்தப்பட்டான். கையில் கிடைத்த அறுந்த கயிற்றை எடுத்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள். கூட்டம் கைதட்டியது. பிறகு பன்னிரண்டு பேருக்கும், மரம்வெட்டிகள் உட்பட, அங்கேயே சோறு போட்டாள்.

சாப்பாடு முடிந்த பிறகு சடையப்பன் கூட்டம் கலையும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளிடம் வந்தார்.

"எங்க ஊட்டுப் பின்னால ஒரு சப்போட்டா கீது. கவட்டையில தண்ணி நின்னு அழுவிப் போச்சு. வந்து பாக்கறியா?"

"வெட்டிப் பெட்டி அடிக்கறது தானே."

"எம் பொண்டாட்டி வெச்ச மரம் கன்னிமா. வெட்டினா அவ என்னையே வெட்டுவா."

அதுதான் அவள் பார்த்த இரண்டாவது மரம். பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சோழவரம் வரைக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். புளி, நாவல், பலா என்று இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை என்று அவளுக்கே கணக்கில்லை. காப்பாற்ற முடியாத மரத்தைக் காப்பாற்ற முடியாது என்று முதல் தட்டிலேயே சொல்லிவிடுவாள். ஒரு மரத்தைக்கூட அவள் மறுபடியும் அடைக்கவில்லை. அடிமரத்துப் பொந்துகளில் சிமெண்டு போட்டு மூடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. போன வருஷம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையின் தோட்டத்தில் அப்படி மூடிய மரம் ஒன்றை அவளிடம் காட்டினார்கள். தட்டிப் பார்த்துவிட்டு, "அடியில ஓட்டை போடுங்க" என்றாளாம். இஞ்சினீயர் முதலில் சிரித்தார். பிறகு புது பேண்ட் முழுவதும் கறுப்புத் தண்ணீர்.

நான் இதற்கு நடுவில் இரண்டு முறை ஊரை விட்டுப் போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன். இந்தச் சித்திரையிலும் போயிருந்தேன். மரத்தின் காயம் பாதிக்கு மேல் மூடிவிட்டது, கூடை போன இடத்தில் இப்போது கை மட்டும் போகிறது. சாலைப் பக்கம் வெட்டிய கிளைக்குக் கீழே புதிதாக மூன்று கிளைகள், மூன்றிலும் காய். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் ஓட்டு வீடு. கதவுக்கு மேலே பஞ்சாயத்துக்காரர்கள் வெள்ளைச் சுண்ணாம்பில் வீட்டு எண் எழுதிப் போயிருந்தார்கள். லோகநாதன் அந்த எண்ணுக்கு நேரே ஸ்டூல் போட்டு ஏறி, மழையில் அழிந்துவிடக் கூடாதென்று அதன் மேல் குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தான். கன்னியம்மா கீழே நின்று, எங்கே பூசாமல் விட்டான் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.